மறையூர்ப் பள்ளத்தாக்கு: முதல் தடவை போகிறவர்களுக்கு

மூணாறு போய் வந்தவர்களிடம் மறையூர் பார்த்தீர்களா என்று கேட்டுப் பாருங்கள். "ஆமாங்க, வழியில ஒரு சந்தனக்காடு வந்துச்சு, கண்ணாடியை இறக்கிப் பார்த்தோம், வாசமே வரலை" என்று சொல்லிவிட்டு ஃபோனில் தேயிலைத் தோட்டப் படங்களைக் காட்ட ஆரம்பித்துவிடுவார்கள். உடுமலைப்பேட்டையில் இருந்து மூணாறு போகிற சாலையில் ஏறக்குறைய பாதி வழியில் இருக்கிறது இந்தப் பள்ளத்தாக்கு. ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம். நானும் முதல் நாலைந்து தடவை அப்படித்தான் போனேன். ஒரு ஆடி மாதம் மூணாறுப் பக்கம் மண் சரிந்து ரோடு அடைபட்டுப் போக, வேறு வழியில்லாமல் மறையூரில் இரண்டு ராத்திரி தங்கினேன். அப்போதுதான் தெரிந்தது, இவ்வளவு நாளும் எதைத் தாண்டித் தாண்டிப் போய்க்கொண்டிருந்தேன் என்று.

அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மறையூரை மூணாறு பயணத்தின் ஒட்டாக வைக்காதீர்கள். இரண்டு ராத்திரி ஒதுக்குங்கள், உடுமலை வழியாக வாருங்கள், இருட்டுவதற்குள் காட்டுச் சாலையைத் தாண்டிவிடுங்கள். இந்த மூன்றும் மனதில் நின்றால் போதும், மற்றதெல்லாம் அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம். இருந்தாலும் முதல் தடவை கிளம்புகிறவர்கள் என்னிடம் கேட்கிற கேள்விகள் ஒரே மாதிரி இருப்பதால் வரிசையாக எழுதிவிடுகிறேன்.

இடம் எப்படிப்பட்டது

மறையூர் கேரளத்தின் இடுக்கி மாவட்டம், தேவிகுளம் தாலுகாவில் இருக்கிறது. கடல் மட்டத்தில் இருந்து சுமார் 1000 மீட்டர் உயரம். தெற்கே ஆனைமுடி, 2695 மீட்டர். தென்மேற்குப் பருவமழை மேகங்கள் அந்தப் பக்கத்திலேயே கொட்டித் தீர்த்துவிடுவதால் இந்தப் பக்கம் மழை மறைவுப் பகுதி. மூணாறில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு குடை பிடித்தபடி நிற்கிற அதே நாளில், நாற்பது சொச்சம் கிலோமீட்டர் தள்ளி மறையூரில் காற்று மட்டும் வீசிக்கொண்டிருக்கும், இன்னும் கீழே சின்னாறில் முள்ளுக்காடும் கள்ளியும் வெயிலில் காய்ந்துகொண்டிருக்கும். ஒரே நாளில் சோலைக்காட்டில் இருந்து முள்காடு வரை இறங்கிவிடலாம். கேரளம் என்றதும் மனதில் வருகிற பச்சையை எதிர்பார்த்து வந்தவர்கள் சின்னாறு செக்போஸ்டில் கொஞ்சம் குழம்பித்தான் போவார்கள்.

பள்ளத்தாக்கின் நடுவே ஓடுவது பாம்பாறு. கேரளத்தின் ஆறுகளில் கபினி, பவானி, பாம்பாறு மூன்று மட்டும்தான் மேற்கே கடலுக்குப் போகாமல் கிழக்கே திரும்பி ஓடுகின்றன. இந்தப் பாம்பாறுதான் கீழே சின்னாறோடு சேர்ந்து நமக்கு அமராவதியாக வருகிறது, அணையில் தேங்கி, தாராபுரம் தாண்டி, கரூர்ப் பக்கம் காவிரியில் கலக்கிறது. கரூர்க்காரர் யாராவது மறையூர்ப் பக்கத்துக் கோவில்கடவுப் பாலத்தில் நின்றால் அது அவர் வீட்டுத் தண்ணீர்தான்.

இந்தப் பகுதிக்கு அஞ்சுநாடு என்று பழைய பெயர். ஐந்து ஊர்கள் சேர்ந்தது. மறையூரும் காந்தளூரும் காரையூரும் கீழாந்தூரும் அதில் அடக்கம். மதுரைப் பக்கம் இருந்து படைகளுக்குப் பயந்து மலையேறி வந்தவர்கள் நாங்கள் என்று அந்தக் கிராமத்துப் பெரியவர்கள் சொல்வார்கள். எந்த அரசர் காலம் என்று கேட்டால் ஆளுக்கொரு கதை வரும், அதனால் அதில் நான் இறங்குவதில்லை. ஊர்ப் பெயருக்கும் அப்படித்தான்: பாண்டவர்கள் மறைந்திருந்த ஊர் மறையூர் என்பது ஒரு கதை. உங்களுக்கு வேண்டிய செய்தி ஒன்றுதான், இங்கே தமிழ் நன்றாகவே செல்லும். கடையில் சேட்டா என்று ஆரம்பித்தாலும் "சொல்லுங்க அண்ணா" என்று பதில் வரும்.

எப்போது போவது

ஜூன் முதல் செப்டம்பர் வரை நல்ல காலம் என்பது என் கட்சி. மூணாறில் மழை பெய்வதால் பாம்பாறு நிறைந்து ஓடும், தூவானம் அருவி முழுசாக விழும், மறையூரில் தூறலும் காற்றும் மட்டும். காந்தளூரில் ஆப்பிள் பார்க்கவேண்டும் என்றால் ஜூலைக்கு மேல்தான். ஒரே சிக்கல், மூணாறு வழியாகப் போகவோ திரும்பவோ திட்டம் வைத்திருந்தால் மண்சரிவு அதைக் கெடுக்கலாம். உடுமலை வழியாகவே போய் உடுமலை வழியாகவே திரும்பினால் அந்தக் கவலை குறைவு.

அக்டோபர், நவம்பரில் இந்தப் பள்ளத்தாக்குக்கே மழை வரும், நமக்கு வருகிற அதே வடகிழக்குப் பருவமழை. டிசம்பர், ஜனவரி குளிர் அழகு, ஆனால் கூட்டம். பிப்ரவரி முடிந்து ஏப்ரல் வரை காடு காய்ந்து கிடக்கும், காட்டுத்தீ பயத்தில் நடைப்பயணங்களை நிறுத்திவிடுவதும் உண்டு. வரையாடுகள் குட்டி போடுவதால் மூணாறுப் பக்கத்து இரவிகுளம் தேசியப் பூங்காவையும் பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச்சில் மூடிவிடுவார்கள், மூணாறையும் சேர்த்துப் பார்க்க நினைப்பவர்கள் இதைக் கவனிக்கவேண்டும். நீலக்குறிஞ்சி பூக்குமா என்று வருஷா வருஷம் ஒருவர் கேட்கிறார். இந்த மலைகளில் 2006இலும் 2018இலும் பூத்தது, பன்னிரண்டு வருஷக் கணக்கு, கூட்டிக்கொள்ளுங்கள்.

எப்படிப் போவது

ரயிலில் வருகிறவர்கள் உடுமலைப்பேட்டையில் இறங்கலாம், திண்டுக்கல்–பழனி–பொள்ளாச்சி தடம். அங்கே இருந்து மறையூர் நாற்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். மூணாறு போகிற தமிழ்நாடு பஸ்ஸும் கேரள பஸ்ஸும் மறையூரில் நிற்கும். ஆனால் நினைத்த நேரத்துக்கெல்லாம் பஸ் கிடையாது, முதல் நாளே பஸ் ஸ்டாண்டில் கேட்டுவிடுவது நல்லது. வலதுபக்க ஜன்னல், இடதுபக்க ஜன்னல் என்று சண்டை வேண்டாம், இரண்டு பக்கமும் காடுதான்.

சொந்தக் காரில் வருகிறவர்கள் டேங்கை உடுமலையிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். கையில் பணமும் எடுத்துக்கொள்ளுங்கள், காட்டு வழியில் சிக்னல் போய்விடும், சிக்னல் இல்லாத இடத்தில் ஸ்கேன் பண்ணி என்ன பிரயோஜனம். வண்டிப் பேப்பர்கள் எல்லாம் முன்னால் இருக்கட்டும். டாக்ஸி பிடித்து வருகிறீர்கள் என்றால் கேரளப் பெர்மிட் போட்டாயிற்றா என்று ஓட்டுநரிடம் கிளம்பும் முன்பே கேளுங்கள், செக்போஸ்டில் நின்றுகொண்டு கேட்காதீர்கள்.

உடுமலையைத் தாண்டியதும் முதலில் வருவது தமிழக வனத்துறையின் ஒன்பதாறு செக்போஸ்ட். அங்கே இருந்து ஆனைமலைப் புலிகள் காப்பகம். அதைத் தாண்டினால் சின்னாறு செக்போஸ்ட், அங்கே இருந்து கேரளத்தின் சின்னாறு வனவிலங்குச் சரணாலயம். ஆக மொத்தம் கீழ்மலை முழுக்கக் காட்டுச் சாலை. இரண்டு செக்போஸ்டிலும் பிளாஸ்டிக் பார்ப்பார்கள், பாட்டில் பார்ப்பார்கள். நடுவில் எங்கேயும் வண்டியை ஓரங்கட்டி இலை விரித்துச் சாப்பிட உட்காராதீர்கள். அழகான நிழல்தான், இல்லையென்று சொல்லவில்லை, ஆனால் அந்த நிழலுக்கு வேறு ஆட்கள் சொந்தக்காரர்கள்.

எஸ் வளைவு, புங்கன் ஓடை என்று சில இடங்கள் அந்த வழியில் பெயர் போனவை. காட்டில் தண்ணீர் வற்றினால் யானைகள் அமராவதி அணையைத் தேடி இறங்குகிற வழிகள் அவை. ஒரு தடவை மறையூரில் டீ குடித்துக் கதை பேசி நேரத்தை விட்டுவிட்டு, ஆறு மணிக்கு மேல் இறங்கிக்கொண்டிருந்தேன். எனக்கு முன்னால் போன பஸ் சட்டென்று நின்றது. நான் ஹாரனில் கை வைப்பதற்குள் கண்டக்டர் பின்வாசலில் இருந்து தலையை நீட்டி, கையை மட்டும் ஆட்டினார், வேண்டாம் என்று. பிறகு கண்ணாடியை இறக்கச் சொல்லி ஜாடை காட்டி, குரலே எழும்பாமல், "லைட்டை டிம் பண்ணுங்க, இறங்காதீங்க, குட்டி இருக்குது, தண்ணிக்குப் போகுது, போகட்டும்" என்றார். யானையை நான் பார்க்கவே இல்லை. மூங்கில் முறிகிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது, முக்கால் மணி நேரம். பஸ்ஸில் ஒரு குழந்தைகூட அழவில்லை. அதற்குப் பிறகு நாலு மணிக்கெல்லாம் கிளம்பிவிடுவது என்று வைத்துக்கொண்டேன். பைக்கில் வருகிறவர்களுக்கு இதை இரண்டு மடங்காகச் சொல்கிறேன். இருட்டுக்கு நேரக் கட்டுப்பாடும் வைப்பார்கள், அன்றைக்கு என்ன விதி என்று முதல் செக்போஸ்டிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

முதல் நாள்: சின்னாறு, பிறகு முனியறை

காலை ஏழு மணிவாக்கில் உடுமலையை விட்டால் எட்டரைக்குள் சின்னாறு செக்போஸ்ட் வந்துவிடலாம். மேலே போய் ரூம் போட்டுவிட்டுத் திரும்ப வரலாம் என்று நினைக்காதீர்கள், வெயில் ஏறிவிடும், விலங்குகளும் உள்ளே போய்விடும். முதலில் காடு, பிறகு ரூம்.

சரணாலயம் 90 சதுர கிலோமீட்டர்தான், 1984இல் அறிவித்தது. ஆனால் இந்தச் சின்ன இடத்தில் இருக்கிறவை வேறு எங்கும் லேசில் கிடைக்காதவை. சாம்பல் நிற மலை அணில், நம் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருப்பது, கேரளத்தில் பார்க்க இதுதான் இடம். ஆற்றோர மருத மரங்களில் அண்ணாந்து பாருங்கள், கிளை மேல் கிழிந்த துணி தொங்குவது போல வால் தொங்கும், அது அசைந்தால் அணில். அதேபோல நட்சத்திர ஆமை. கடத்தல்காரர்களிடம் பிடிபட்ட ஆமைகளைக் கொண்டுவந்து பழக்கி இந்தக் காட்டில்தான் விடுகிறார்கள்.

நடைப்பயணத்துக்கு வனத்துறையிடம் சீட்டு வாங்கவேண்டும், கூடவே ஒரு வழிகாட்டி வருவார். பெரும்பாலும் முதுவர் அல்லது மலைப்புலையர் பழங்குடிகளைச் சேர்ந்தவர்கள். அவரை வெறும் துணைக்கு வருகிறவராக நினைக்காமல் கொஞ்சம் பேச்சுக் கொடுங்கள். எனக்கு வந்த பெரியவர் முதல் அரைமணி நேரம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு இடத்தில் குனிந்து, காய்ந்த யானைச் சாணியைக் குச்சியால் பிளந்து காட்டி, "பாருங்க தம்பி, புளியங்கொட்டை. ராத்திரி ஊர்ப்பக்கம் போய் வந்திருக்கான்" என்றார். அந்த ஒரு வரிக்குப் பிறகு நான் காட்டைத் தரையில் பார்க்க ஆரம்பித்தேன்.

தூவானம் அருவிக்கு ஆலாம்பட்டியில் இருந்து வழிகாட்டியோடு நடந்து போகலாம். நடக்க முடியாதவர்களுக்குச் சாலையில் இருந்தே தூரத்தில் வெள்ளைக் கோடாகத் தெரியும். சின்னாறிலோ பாம்பாறிலோ கீழ்ப்பகுதியில் எங்கேயும் சொந்தப் புத்தியில் குளிக்க இறங்காதீர்கள். முதலை உண்டு. வழிகாட்டி இறங்கலாம் என்று சொன்ன இடத்தில் மட்டும் கால் நனையுங்கள்.

காட்டுக்குள் முதுவர் குடிகள் இருக்கின்றன. தாயண்ணன்குடி போன்ற இடங்களில் பழைய கேழ்வரகு வகைகளைத் தேடிப்பிடித்து மறுபடி விதைத்து மீட்டெடுத்திருக்கிறார்கள், கேட்கவே சந்தோஷமான சமாச்சாரம். அதற்காக நேரே குடிக்குள் போய் கேமராவை நீட்டிவிடக் கூடாது. அது ஆட்கள் வாழ்கிற வீடு, அனுமதி வேண்டும்.

மத்தியானம் மறையூர் வந்து சாப்பிட்டு ஒரு தூக்கம் போடுங்கள். புரோட்டாவும் கிடைக்கும், இட்லியும் கிடைக்கும், கப்பையும் கிடைக்கும். குழந்தைகள் கூட இருந்தால் ஊருக்குள் இருக்கிற ராஜீவ் காந்தி பூங்காவில் விழுது விட்டுப் பரந்த ஒரு ஆலமரம் இருக்கிறது, அதில் ஒரு மணி நேரம் போய்விடும். மற்றவர்கள் நாலரை மணிக்குக் கோவில்கடவு போங்கள். பாம்பாற்றங்கரையில் தென்காசிநாதர் கோவில், அதற்கு மேலே பாறைக்குன்றில் முனியறைகள்.

முனியறை என்றால் நாலு பக்கமும் பலகைக் கற்களை நட்டு மேலே ஒரு பெரிய கல்லை மூடியது. முனிவர்கள் தவம் இருந்த அறை என்று ஊர் சொல்லும். தொல்லியலில் இவை பெருங்கற்காலத்து ஈமச்சின்னங்கள், நம் ஊர்ப் பக்கம் கல்திட்டை என்போமே, அதுதான். சில சரிந்து கிடக்கின்றன, சிலவற்றில் யாரோ தன் காதலியின் பெயரைச் சுண்ணாம்பில் எழுதி வைத்திருக்கிறார். சாயங்காலம் அந்தப் பாறையில் காற்று ஆளைத் தள்ளும். கல்லறைக்குள் குனிந்து நுழைந்தால் சட்டென்று காற்று நின்று, உங்கள் மூச்சு உங்களுக்கே கேட்கும். நான் சொல்லி என்ன, ஒரு நிமிஷம் உள்ளே உட்கார்ந்து பாருங்கள். மேலே மட்டும் ஏறாதீர்கள், படத்துக்காக ஏறி நிற்கிற கூட்டத்தால்தான் பாதி கல் நகர்ந்திருக்கிறது என்பது என் சந்தேகம்.

இந்தப் பகுதியில் பாறை ஓவியங்களும் இருக்கின்றன, எழுத்தளை என்கிற இடத்தில். சந்தனக்காட்டுக்குள் இருப்பதால் வனத்துறை வழியாகத்தான் போகமுடியும். நேரம் இருந்தால் கேட்டுப் பாருங்கள்.

இரண்டாம் நாள் காலை: சந்தனமும் வெல்லமும்

கேரளத்தில் சந்தன மரம் இயற்கையாகக் காடாக வளர்ந்து நிற்பது மறையூரில்தான். சாலையை ஒட்டியே இருக்கிறது, கம்பி வலைக்கு அந்தப் பக்கம். மரத்துக்கு மரம் நம்பர் போட்டிருப்பார்கள். வாசம் வரவில்லையே என்று ஏமாறவேண்டாம், உயிரோடு நிற்கிற மரத்தில் வாசம் கிடையாது. உள்ளே முற்றிய நடுக்கட்டையில், அதாவது மரத்தின் வைரத்தில்தான் எண்ணெய், அது சேர்வதற்குப் பல பத்தாண்டுகள் ஆகும். இன்னொரு விஷயம், சந்தனம் ஒரு பாதி ஒட்டுண்ணி. தன் வேரைப் பக்கத்து மரத்தின் வேரில் பதித்துச் சத்தை உறிஞ்சிக்கொள்ளும். இவ்வளவு மதிப்பான மரம் அக்கம்பக்கத்தில் கடன் வாங்கித்தான் வளர்கிறது என்பது எனக்கு எப்போதும் வேடிக்கையாக இருக்கும்.

கீழே விழுந்த குச்சியாக இருந்தாலும் எடுக்காதீர்கள். ஞாபகத்துக்கு ஒரு சுள்ளி என்று பையில் போட்டுக்கொண்டு செக்போஸ்டில் மாட்டினால் அது விளையாட்டு வழக்கு இல்லை. அதைவிட முக்கியம், டீக்கடைப் பக்கம் ஒருவர் மெதுவாக வந்து "நல்ல கட்டை இருக்கு சார், கம்மி விலை" என்று ஆரம்பித்தால் எழுந்து நடந்துவிடுங்கள். ஒன்று அது போலி, இல்லையென்றால் திருட்டு, இரண்டுக்கும் நடுவில் மூன்றாவது வகை கிடையாது. வனத்துறை சந்தனத்தை மின் ஏலத்தில் விற்கிறது, நம் அளவுக்கு வேண்டிய சின்னச் சாமான்களை அவர்கள் விற்பனைக் கூடத்தில் பில்லோடு வாங்கலாம். மலைக்குடிகள் காய்ச்சுகிற புல்தைலமும் இங்கே பெயர் போனது, மூட்டுவலிக்காரர் வீட்டில் இருந்தால் ஒரு பாட்டில் வாங்குங்கள்.

சரி, இப்போது வெல்லம். இந்த ஊரில் நீங்கள் நிதானமாகப் பார்க்கவேண்டியது இதுதான், அருவியைக்கூட விட்டாலும் பரவாயில்லை. மறையூர் வெல்லத்துக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கோவில்கடவு, பயஸ்நகர் பக்கம் கரும்பு வயல்களுக்கு நடுவே தகரமோ ஓலையோ போட்ட கொட்டகைகள், புகை வருகிற கொட்டகை எதுவோ அதில் வேலை நடக்கிறது. வாசலில் நின்று கேட்டுவிட்டுப் போனால் யாரும் வேண்டாம் என்பதில்லை.

உள்ளே போனால் ஒரு ஓரம் ஆலை, கரும்பை நாலு நாலாகச் செருகிக்கொண்டே இருப்பார்கள். சாறு குழாய் வழியாகப் பெரிய கொப்பரைக்கு வரும். அடுப்புக்கு விறகு கிடையாது, பிழிந்த சக்கையைக் காயவைத்து அதையே பின்பக்கத் துளை வழியாகத் தள்ளித் தள்ளி எரிப்பார்கள். ஒரு ஆளுக்கு அது மட்டும்தான் வேலை, அவர் முகம் எப்போதும் சிவந்தே இருக்கும். சாறு சூடானதும் கொஞ்சம் சுண்ணாம்பு போடுவார்கள், அழுக்கு நுரையாக மேலே வரும், நீளக் கரண்டியால் வழித்து எடுத்துக்கொண்டே இருக்கவேண்டும். மணிக்கணக்கில் கொதித்துக் கொதித்து நுரை பொன்னிறமாகி, குமிழிகள் சின்னதில் இருந்து பெரிதாகி, சத்தமே மாறும். முதலில் சலசல என்று கொதித்தது கடைசியில் பொத்து பொத்து என்று கனமாக வெடிக்கும். அந்தச் சத்தம் வந்ததும் பேச்சு நின்றுவிடும். பாகு பார்க்கிறவர் ஒரு துளியைத் தண்ணீரில் விட்டு விரலால் உருட்டிப் பார்ப்பார், ஒரு நிமிஷம் முந்தினால் உருண்டை பிடிக்காது, பிந்தினால் கருகல் வாடை. அவர் தலையை ஆட்டியதும் நாலு பேர் சேர்ந்து கொப்பரையைச் சாய்த்து மரத்தொட்டியில் ஊற்றுவார்கள். ஊற்றிய பிறகு கிளறி, ஆறியும் ஆறாமலும் இருக்கிற பக்குவத்தில் எல்லோரும் சுற்றி உட்கார்ந்து கையாலேயே உருண்டை பிடிப்பார்கள். அச்சுக் கிடையாது. அதனால்தான் மறையூர் உருண்டைகள் ஒன்று போல ஒன்று இருக்காது, சிலதில் விரல் பதிந்த தடம்கூடத் தெரியும். நான் ஒன்று பிடித்துப் பார்க்கட்டுமா என்று கேட்டேன். கொடுத்தார்கள். மூன்று விநாடி தாங்கவில்லை என் கை.

வாங்கும்போது ஏமாறாதீர்கள். நான் ஏமாந்திருக்கிறேன். சாலையோரக் கடை ஒன்றில் மறையூர் வெல்லம் என்று எழுதியிருந்ததை நம்பி ஐந்து கிலோ வாங்கிப் போனேன், பளிச்சென்று மஞ்சளாக, வட்டமாக, பார்க்கவே லட்சணம். வீட்டில் பாயசம் வைத்தால் அடியில் உப்புக் கரிக்கிறது. அம்மா ஒரு வாய் வைத்துவிட்டு, "இது நம்ம ஊர்ச் சந்தையிலயே கிடைக்குமே, இதுக்கா மலை ஏறிப் போன?" என்றார். உண்மையில் நடப்பதும் அதுதான், சமவெளியில் இருந்து மலிவு வெல்லம் மேலே ஏறி, பெயர் மாறிக் கீழே இறங்குகிறது. அடையாளம் சொல்கிறேன்: நல்ல மறையூர் வெல்லம் கரும்பழுப்பு நிறம், மஞ்சள் இல்லை. மஞ்சளாக இருந்தால் வெளுக்க மருந்து போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். வாயில் போட்டால் உப்பு தெரியக்கூடாது. எல்லாவற்றையும்விட, கொட்டகையில் உருட்டுவதைப் பார்த்துவிட்டு அங்கேயே வாங்கினால் அடையாளமே தேவையில்லை. கிலோவுக்கு விலை கூடத்தான் இருக்கும். பேரம் பேசாதீர்கள், கரும்பு வயல்கள் குறைந்துகொண்டே வருகிற ஊர் இது.

இரண்டாம் நாள் மத்தியானம்: காந்தளூர்

மறையூரில் இருந்து கோவில்கடவு வழியாக 15 கிலோமீட்டர் ஏற்றம். ரோடு குறுகல், எதிரே ஜீப் வந்தால் யாராவது ஒருவர் பின்னால் போகத்தான் வேண்டும், அந்த ஒருவர் நீங்களாக இருங்கள். ஏறும்போதே காற்று மாறும், மறையூரில் சட்டை போதும் என்று இருந்தவர்கள் காந்தளூரில் சாயங்காலம் போர்வை தேடுவார்கள். இரண்டாவது ராத்திரியை இங்கே வைத்துக்கொள்வது என் வழக்கம், தோட்டங்களுக்கு நடுவே வீட்டோடு தங்குகிற இடங்கள் நிறைய உண்டு.

கேரளத்தில் ஆப்பிள் விளைகிற ஊர் என்று பெயர். ஆப்பிள் மட்டுமில்லை, பீச், பிளம்ஸ், ஆரஞ்சு, ஸ்ட்ராபெர்ரி, மரத்தக்காளி எல்லாம் இருக்கும். தோட்டங்களுக்குள் போகக் கட்டணம் வாங்குவார்கள், கொடுத்துவிட்டுப் போங்கள், ஆனால் சொல்லாமல் ஒரு காயைக்கூடப் பறிக்காதீர்கள். ஆப்பிள் காஷ்மீர் மாதிரி இருக்கும் என்று நினைக்கவேண்டாம், சின்னது, புளிப்பு கலந்தது. எனக்குப் பிடித்தது பூண்டுதான். காந்தளூர் வட்டவடைப் பூண்டுக்கும் புவிசார் குறியீடு இருக்கிறது, பல் சிறுத்துக் காரம் கூடியது, இரண்டு பல் தட்டிப் போட்டால் ரசம் தெருவையே கூப்பிடும்.

2023இல் மத்திய சுற்றுலா அமைச்சகம் காந்தளூரைச் சிறந்த சுற்றுலாக் கிராமமாகத் தேர்ந்தெடுத்துத் தங்க விருது கொடுத்தது. அதற்குப் பிறகு சனி, ஞாயிறில் ஜீப் வரிசை நீளமாகிவிட்டது. ஜீப்காரர்கள் ஆறு இடம், எட்டு இடம் என்று பட்டியல் நீட்டுவார்கள். இரைச்சல்பாறை அருவி, ஒரு வியூ பாயின்ட், ஒரு தோட்டம், இந்த மூன்றும் போதும், மீதி எல்லாம் அதே மலையை வேறு வளைவில் இருந்து பார்ப்பது. அந்தக் காசுக்குக் காலையில் ஆறரை மணிக்கு எழுந்து புத்தூர், பெருமலை, கீழாந்தூர் வழியில் சும்மா நடங்கள். படிப்படியாக இறங்குகிற பாத்திகள், வரிசை வீடுகள், கோவில் திண்ணையில் வெயில் காய்கிற கிழவர்கள். பேசுகிற தமிழைக் கொஞ்சம் காதுகொடுத்துக் கேளுங்கள், மதுரையும் இல்லை, உடுமலையும் இல்லை.

மேப்பில் பார்த்தால் வட்டவடை பக்கத்தில்தான் இருக்கும், ஒரு விரல் தூரம். நம்பிக் கிளம்பிவிடாதீர்கள். நடுவில் இருப்பது சோலைக்காடு, நம் காருக்கான வழி அது இல்லை. வட்டவடைக்கும் குறிஞ்சிமலைச் சரணாலயப் பக்கத்துக்கும் மூணாறு போய், மாட்டுப்பெட்டி, டாப் ஸ்டேஷன் வழியாகத்தான் சுற்றவேண்டும். அதை இன்னொரு பயணமாக வைத்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் சோலை ஓரம் நடந்தால் அட்டை ஏறும், பையில் கொஞ்சம் உப்பு இருக்கட்டும்.

திரும்பும்போது

மூணாறு பார்த்தே ஆகவேண்டும் என்கிறவர்கள் மூன்றாம் நாள் காலை மறையூரில் இருந்து மேலே ஏறுங்கள். தலையார், வாகுவாரை தேயிலைத் தோட்டங்கள், வழியில் லக்கம் அருவி, நல்ல சாலை. என்னைப் போல உடுமலைக்கே திரும்புகிறவர்கள் மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் இறங்கிவிடுங்கள். நேரம் மிச்சம் இருந்தால் அமராவதி அணைக்கு ஒரு திருப்பம் போடலாம், 1957இல் கட்டியது, பக்கத்தில் முதலைப் பண்ணை இருக்கிறது. முந்தாநாள் நீங்கள் தூவானத்தில் பார்த்த தண்ணீர் அங்கே தேங்கிக் கிடக்கும்.

வெல்லத்தைப் பற்றி ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. பிளாஸ்டிக் கவரில் கட்டி டிக்கியில் போடாதீர்கள், கீழே இறங்க இறங்கச் சூட்டில் வியர்த்துக் கசிந்து கவரோடு ஒட்டிக்கொள்ளும். பழைய பேப்பரில் சுற்றித் துணிப்பையில் வையுங்கள், வீட்டுக்குப் போனதும் மண்பானையிலோ எவர்சில்வர் டப்பாவிலோ மாற்றிவிடுங்கள். டப்பாவை எங்கே வைத்தாலும் எறும்பு கண்டுபிடித்துவிடும், அதற்கு என்னிடம் வழி இல்லை.